திங்கள், புதன், வெள்ளி

ஆறு ஐந்துக்கு கம்பெனி பஸ் மூக்கண்டப்பள்ளி முனையைத் தாண்டிப் போனது. அதில் இருக்க வேண்டிய ராசாத்தி, பூட்டிக் கிடந்த டயர் கடையோரம் அடுக்கியிருந்த பழைய லாரி டயர்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. கண் மட்டும் எதிரே இருந்த சந்துமுனையை விட்டு அசையவில்லை.

பதினெட்டு வருடத்தில் அவள் வேண்டுமென்றே ஷிப்டைத் தவறவிட்டது இன்றுதான்.

ஆறரை. சந்திலிருந்து பெரியதம்பி வெளியே வந்தார். அவளுடைய கணவர். சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், காலில் ரப்பர் செருப்பு. இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ் போய்விட்டதா என்று பார்க்கிறாரா, மனைவி போய்விட்டாளா என்று பார்க்கிறாரா? பிறகு சர்வீஸ் ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். நாற்பது அடி நடந்ததும் நின்று இருமினார். அந்த இருமல் ராசாத்தியின் நெஞ்சுக்குள் விழுந்தது. பதினைந்து நாளாகத்தான் அது திரும்பி வந்திருக்கிறது. அதற்கு முன்னால் போயே போய்விட்டிருந்தது.

அவள் எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். வீட்டில் கேட்டால் மனுசன் சிரித்தே மழுப்பிவிடுவார். சட்டையை மோந்து பார்த்தாயிற்று, தலையணையைத் தூக்கிப் பார்த்தாயிற்று, குளியலறை ஓட்டு இடுக்கில் கைவிட்டுத் தேடியாயிற்று. ஒரு துண்டு பீடி கிடைக்கவில்லை. ஆனால் எங்கேயோ ஊதுகிறார். வேறு காரணம் இருக்க முடியாது.

"பீடி, சிகரெட் பக்கமே போகக்கூடாது. புகை போனா இந்த மாத்திரை உடம்புல நிக்காது" என்று பெங்களூர் ஆஸ்பத்திரி சிஸ்டர் முனிலட்சுமி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

அந்த மாத்திரைதான் ராசாத்தியின் உலகம். ஒரு நாளைக்கு ஒன்று. வெறும் வயிற்றில் முழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. தினமும் ஒரே நேரம். ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. நெஞ்செரிச்சல் என்று மெடிக்கல் கடையில் கேஸ் மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. எதுவானாலும், இருமல் மருந்தே ஆனாலும், கேட்டுவிட்டுத்தான். வயிற்றால் போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே போன். இத்தனையையும் சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதி, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். காலை ஐந்து மணிக்கு அலாரம். மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பு.

அது எதற்கான மாத்திரை என்பதை மட்டும் அந்தக் காகிதத்தில் எழுதவில்லை.

வீட்டைப் பொறுத்தவரை பெரியதம்பிக்கு டி.பி. லைன் வீட்டு ஜனங்களுக்கு டி.பி. காவேரிப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகள் லாவண்யாவுக்கும் டி.பி. பெரியதம்பிக்கே டி.பி.தான். நுரையீரலில் இருப்பது புற்றுநோய் என்பது ராசாத்திக்கும், பெங்களூரில் இருக்கும் அவள் தம்பி முத்துக்குமாருக்கும் மட்டும் தெரியும்.

அந்தப் பொய்யைச் சொல்ல அவள் மெனக்கெடக்கூட இல்லை. முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று இங்கேயிருந்த டாக்டர் ஒருவர் ஆறு மாத மருந்துக்கு எழுதினார். அங்கன்வாடி ஜோதிமணி கையால் வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை. ஒரு மாதம் தாண்டியும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். தம்பி பிடிவாதமாகப் பெங்களூருக்கு, ஒரு நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ராசாத்தியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டி.பி. மருந்து தேவையே இல்லை, இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்த கணவரிடம் வந்து, "அதே டி.பி.தானாம். பெரிய ஆஸ்பத்திரியில நல்ல மாத்திரை இருக்காம்" என்றாள். அவ்வளவுதான். வாயிலிருந்து வந்துவிட்டது.

வந்ததைக் காப்பாற்றத்தான் பாடுபட வேண்டியிருந்தது. மாத்திரை டப்பாவின் லேபிளை பிளேடால் சுரண்டினாள். மாத்திரை தந்த பெரிய ஆஸ்பத்திரியின் முன்வாசலில் தமிழ்நாட்டுக்காரர்களுக்காகத் தமிழிலும் போர்டு வைத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோவைச் சுற்றவிட்டு, பின்னாலிருந்த சின்ன கேட் வழியாக அழைத்துப் போனாள். அங்கே கன்னடம் மட்டும்தான். ஓசூரில் இருபது வருடம் கிடந்தவர், அதில் நாலு வருடம் அத்திப்பள்ளி ஃபவுண்டரியில் உலை தள்ளியவர், கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். பேச்சு வேறு, எழுத்து வேறு. ஐந்தாம் வகுப்பு படித்த மனுசன்.

தம்பி வீட்டில் தங்கியே மாத்திரையை ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் மூக்கிலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரி கிளம்பியது. ராசாத்தி பதறிப் போய் போன் செய்தாள். மறுமுனையில் முனிலட்சுமி சிரித்தார். சில பேருக்கு இந்த மாத்திரை வேலை செய்யும்போது இப்படித்தான் முகம் பூக்கும், நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம், வெயிலில் விடாதீர்கள், கண்ட களிம்பைப் பூசாதீர்கள் என்றார். அன்றிலிருந்து கணவரின் மூக்கில் இருந்த பருக்களை ராசாத்தி கோயில் விளக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இருமல் அடங்கியது. ஒரு முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்து ஓசூருக்குத் திரும்பினார்கள்.

திரும்பி மூன்று வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. பொரி காய்ந்து உதிர்ந்து, கன்னம் பளிச்சென்று ஆனது. பக்கத்து வீட்டு கெம்பம்மா, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரே என்று கிண்டல் பண்ணினாள். ராசாத்தி அன்று ராத்திரி விளக்கைப் பிடித்து, அவர் மூக்கில் ஒரு பருவாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். அடுத்த வாரமே இருமல் திரும்பியது.

இன்னும் பத்து நாளில் ஸ்கேன். கட்டி வளர்ந்திருந்தால் இந்த மாத்திரை பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளும்படி வேறு எதுவும் இல்லை. அதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ராசாத்திக்கு வேலை, வண்டிக்கான ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் செக்கிங். ஒரு லாட்டில் திடீரென்று ரிஜெக்ட் ஏறினால் சூப்பர்வைசர் அழகர்சாமி ஒன்றுதான் கேட்பார். பீஸைத் திட்டாதே, என்றைக்கு மாறியது, அன்றைக்கு என்ன மாறியது, அதைச் சொல். அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாத்திரை அதே மாத்திரை. நேரம் அதே நேரம். சாப்பாடு அதே சாப்பாடு. எது மாறியது?

நேற்று சாயங்காலம் கெம்பம்மா பேச்சுவாக்கில் பதிலைச் சொன்னாள். ஊரிலிருந்து வந்ததிலிருந்து அண்ணன் வாக்கிங் போகிறாரே, நீ பஸ் ஏறினதும் கிளம்பிவிடுவார், இரண்டு நாளைக்கு ஒரு தடவை.

வாக்கிங் போவதாக அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

சர்வீஸ் ரோட்டில் பெரியதம்பி திம்மராயன் டீக்கடையை நெருங்கினார். பீடிக் கட்டு தொங்குகிற கடை. இங்கேதான்.

அவர் நிற்கவில்லை. திம்மராயனுக்குக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு மேலே நடந்தார்.

அவள் கடையைத் தாண்டும்போது திம்மராயனின் குரல் பிடித்துக்கொண்டது. அத்திப்பள்ளி ஃபவுண்டரியில் பெரியதம்பியோடு ஒரே உலையில் வேலை பார்த்தவன். பால் சட்டிக்குப் பக்கத்தில் கன்னடப் பேப்பரை விரித்து வைத்திருந்தான்.

"என்னாக்கா, பஸ்ஸ வுட்டுட்டியா? பரவால்ல, சானமாவு காட்டுப் பக்கம் ஆனை ரோட்ல நிக்குதாம், போன பஸ்ஸும் அங்கதான் நிக்கும். டீ குடிச்சிட்டுப் போ."

அவள் விரலை உதட்டில் வைத்தாள். முன்னால் போகிற ஸ்வெட்டரைக் காட்டி, பீடி வாங்குகிறாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். திம்மராயனின் முகத்தில் கிண்டல் போய்விட்டது. என் கடையில் அந்த ஆளுக்குப் பீடி கிடையாது, கேட்டால் கொள்ளிக்கட்டையால் சுடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் கேட்டதில்லை என்றான். பிறகு எங்கே போகிறார்? அது தனக்குத் தெரியாது, ஒன்றுவிட்டு ஒரு நாள் இப்படிப் போய் அரைமணியில் திரும்புவார் என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மட்டும் போவமாட்டாருக்கா" என்றும் சேர்த்துக்கொண்டான்.

ராசாத்தி நடையை எட்டிப் போட்டாள். பீடி குடிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன, திங்கட்கிழமை என்ன?

பெரியதம்பி வலது பக்கம் திரும்பினார். தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அதையடுத்து மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னக் கட்டடம். சுவரில் கிளி, யானை, ஒன்று இரண்டு மூன்று. அங்கன்வாடி. குழந்தைகள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றி, சுவரோரம் சரியாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். பழகிய வீட்டுக்குள் போகிற மாதிரி.

அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நொடியில் ராசாத்திக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இன்று வெள்ளிக்கிழமை. கெம்பம்மா சொன்ன இரண்டு நாளைக்கு ஒரு தடவை. திம்மராயன் சொன்ன ஞாயிறு விடுமுறை. பிறகு, குளியலறைச் சிமெண்டுத் தரையில் ஐந்து வாரமாக அவள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த சிறுநீரின் ஆரஞ்சுக் கறை. புது மாத்திரையின் சூடு என்று நினைத்திருந்தாள். அது புதுக் கறை இல்லை. டி.பி. மாத்திரை ஓடிய ஜூன் மாதம் முழுக்க அதே கறையைத்தான் கழுவினாள்.

திங்கள், புதன், வெள்ளி.

அவள் ஓடினாள்.

உள்ளே பாயில் பெரியதம்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஜோதிமணி, மடியில் அட்டைப் பெட்டி, பெட்டியின் மேல் பெரியதம்பியின் பெயர். அவர் உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கேப்சூலும் இரண்டு வெள்ளை மாத்திரையும். மறு கையில் எவர்சில்வர் டம்ளர். கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"முழுங்காதீங்க."

ராசாத்தி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். கேப்சூல் உருண்டு பாயில் விழுந்தது. அவள் குனிந்து, மீதி இரண்டையும் அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. வேலைக்குப் போகலையா என்று மட்டும் கேட்டார்.

"இத நிறுத்தச் சொல்லி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றாள் ராசாத்தி, ஜோதிமணியிடம். "யாரக் கேட்டு இவருக்குக் குடுக்குற?"

ஜோதிமணிக்கு முப்பது வயதிருக்கும். இந்தத் தெருவில் ஏழு பேருக்கு மாத்திரை கொடுத்துக் குணமாக்கி, அதற்காகக் கூட்டம் போட்டுக் கைதட்டு வாங்கியவள். அவள் முகம் சிவந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னாங்கக்கா? எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? மூணு தடவ உங்க வூட்டுக்கு வந்தன். பூட்டுத்தான் தொங்குச்சு. நாலாவது தடவ அண்ணன் இருந்தாரு, கையப் புடிச்சுக் கூட்டினு வந்தன். பாதியில வுட்டா அது மொரண்டு புடிச்சுக்கும், அப்பறம் எந்த மாத்திரைக்கும் கேக்காது. வூட்டுக்குக் குடுத்து அனுப்பலாம்தான். குடுத்தா கோழி தின்னுதா ஆளு தின்னாரான்னு எவளுக்குத் தெரியும்? அதான் எல்லாரையும் இங்கயே வரச் சொல்றன்." கார்டை எடுத்து நீட்டினாள். கட்டம் கட்டமாக டிக். ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. "சரி, நிறுத்தறன். கார்டுல காரணம் எழுதணும். டிபி இல்லன்னா என்னா வியாதின்னு சொல்லுங்க, எழுதிக்கறன்."

பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

ராசாத்தி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் வரைந்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இந்தக் கார்டில் ஏறும், இங்கிருந்து ரேஷன் கடைக்கு, ரேஷன் கடையிலிருந்து லைன் வீட்டுக்கு. அதைவிட, இந்த மனுசன் காதில் விழும்.

போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேப்சூல் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பெங்களூர் நம்பரை அழுத்தினாள். முனிலட்சுமி எடுத்தார். ராசாத்தி அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கடைசி எழுத்து வருவதற்கு முன்பே சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்வது கேட்டது.

"ராசாத்தியம்மா, தப்பு மாத்திரை மேல இல்ல. அந்தச் சிவப்புக் கேப்சூல் உள்ள இருந்தா, நீங்க குடுக்கறது உடம்புல தங்காது. காலையில குடுக்கறீங்க, அது வேகவேகமா வெளிய தள்ளிடுது. கால்வாசி நின்னிருந்தா பெருசு."

கால்வாசி. ராசாத்தி தொட்டிச் சுவரில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து மணி அலாரம், வெறும் வயிறு, தொண்டையை உற்றுப் பார்த்த அத்தனை காலைகள். ஒரு பக்கம் அவள் ஊற்ற, இன்னொரு பக்கம் ஓட்டை.

"அப்ப இன்னைலேருந்து ரெண்டு ரெண்டா குடுக்கட்டுமா சிஸ்டர்? விட்டதைப் பிடிச்சிரலாம்ல?"

"வேண்டாம். அந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க. எப்பவும் போல ஒண்ணுதான். கேப்சூல் இன்னியோட கட், ஆனா அதோட வேகம் உடனே போகாது, ஒரு பத்துப் பதினைஞ்சு நாள் இருக்கும். ஸ்கேன் எப்போ எடுக்கறது, டோஸ் எவ்வளவு, அதெல்லாம் டாக்டர் சொல்லணும். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும், அந்த அட்டையும் எடுத்துட்டு வாங்க." முனிலட்சுமி குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இன்னும் சொல்லலையா?"

"இல்ல."

"எதுக்காக முழுங்கறோம்னே தெரியாதவருக்கு, எதைச் சேத்து முழுங்கக்கூடாதுன்னு எப்படிம்மா தெரியும்? டாக்டர் இன்னிக்கு அவரையே நேரா கேப்பாரு. அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க."

போன் வைக்கப்பட்டது.

ஜோதிமணியிடம் ராசாத்தி, சாயங்காலம் வந்து காரணம் சொல்கிறேன், அதுவரை கார்டில் எதுவும் எழுதாதே என்று கேட்டுக்கொண்டாள். சண்டைக்கு வந்தவள் கும்பிடுகிற மாதிரி கேட்டதும் ஜோதிமணி பேனாவை மூடினாள். தப்பாக ஏதாவது ஆகிவிட்டதா என்று மெதுவாக விசாரித்தாள். உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு ராசாத்தி நடந்தாள். அது உண்மை என்பதுதான் சுட்டது. தப்பு யார் மேல் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டேகால் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவள், இருவர் நடுவே மாத்திரைப் பை. ஜூஜூவாடி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஜூஜூவாடி போயிற்று. அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. பஸ் ஊர்ந்தது. இங்கேயே சொல்லலாம். ஆனால் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு பக்கமிருந்து ஆரம்பித்தாள்.

"அவ கூப்பிட்டான்னு போனீங்க. சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

பெரியதம்பி வெளியே பார்த்தபடி இருமினார். கைக்குட்டையை விரித்து ஒரு பார்வை பார்த்து, அவள் பார்ப்பதற்குள் மடித்துக்கொண்டார்.

"சொன்னா நீ அவகூட மல்லுக்கு நிப்ப. இன்னைக்கு நின்னேல்ல?"

"பெங்களூர் மாத்திரையத் தவிர எதையும் தொடக்கூடாதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே."

"ரெண்டும் மாத்திரைதான புள்ள. ஒண்ணு கூடப் போட்டா என்ன கெட்டுப் போகுதுன்னு நெனச்சேன்." கைக்குட்டையை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார். பிறகு, "கெட்டுத்தான் போச்சா?" என்று கேட்டார்.

பதினைந்து நாளில் கேப்சூலின் வேகம் போகும் என்று சிஸ்டர் சொன்னதை மட்டும் சொன்னாள். அவர் விரலை மடக்கி எண்ணினார். அப்படியென்றால் தீபாவளிக்கு முன்னால் தெரிந்துவிடும் என்றார். என்ன தெரிந்துவிடும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பொம்மசந்திரா போனது. எலக்ட்ரானிக் சிட்டி போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் விசில் ஊதினான். ஆட்டோவில் ஏறினார்கள். பின்கேட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் நாக்கு அதைச் சொல்லியும் விட்டது. சொன்ன பிறகுதான் இன்றைக்கு அது எதற்கு என்று தோன்றியது. எந்தக் கேட் வழியாகப் போனாலும் உள்ளே டாக்டர் இருக்கிறார்.

சின்ன கேட்டின் முன்னால் ஆட்டோ நின்றது. வேப்பமரம், பூக்காரி, நீல போர்டில் வெள்ளைக் கன்னட எழுத்து. எல்லாம் எப்போதும் போல. ராசாத்தி அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினாள். உள்ளங்கை வேர்த்திருந்தது, யாருடையது என்று தெரியவில்லை.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் உங்ககிட்ட..."

"இரு" என்றார் பெரியதம்பி. "ஜோதிமணி கேட்டாள்ல, காரணம் சொல்லுங்கன்னு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கூப்பிட்டப்ப எங்கிட்டயும் அதையேதான் கேட்டா. வர்றீங்களா, இல்ல ஏன் வரலன்னு காரணம் சொல்றீங்களான்னு. ஒரு நிமிசம் யோசிச்சேன். சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். உங்காதுக்கு வரும். அப்பறம் நீ ஒரு ராத்திரி தூங்குவியா? நீ லேபிளச் சுரண்டிச் சுரண்டிக் காப்பாத்துற, அதப் போயி நான் ஏன் உடைக்கணும்னு வர்றேன்னுட்டேன்."

ராசாத்தி அவர் கையை விட்டுவிட்டாள். "என்ன காரணத்தச் சொன்னா?"

அவர் மப்ளரை இறக்கிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வலது கை ஆட்காட்டி விரல் மெல்ல உயர்ந்து, நீல போர்டின் இடது ஓரத்தில் தொடங்கி, எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. அத்திப்பள்ளிக்கு நாலு வருடம் பஸ் போர்டைப் பார்த்துத்தானே ஏறி இறங்கினேன், திம்மராயன் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை வைத்துச் சொல்லிக்கொடுத்தான் என்று, படித்துக்கொண்டே நடுவில் சொன்னார். விரல் மூன்றாவது சொல்லில் வந்து நின்றது. அதையும் குழந்தை எழுத்துக் கூட்டுவது போல நிதானமாக வாசித்தார்.

"க்யா... ன்ச... ர்."

விரலை மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மொத நாளே படிச்சிட்டேன் புள்ள."